பள்ளப் பக்கம் சாய்ந்த கார்

ஸ்பேனர் என் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து போய்ப் பின்னால் இருந்த தகரத்தில் மோதியது.

"அடுத்தது தலையிலதான் லா," என்றான் தர்மா. "காடிய எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க."

நான் நகரவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னால் நகர இடமில்லை.

"குறி சரியில்ல தர்மா," என்றேன். "நீ போட்ட ஸ்பிரிங் மாதிரியே ஒரு பக்கமா போவுது."

தவமலர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து எடை போட்டவர் அக்கா. இப்போது கேமரன் மலையில், தானா ராத்தா டவுனில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். மகேன் என்கிற நான் அவருடைய உதவியாளன், டிரைவர், ஸ்பேனர் பறந்தால் முன்னால் நிற்கிற ஆள்.

"உன்மேல பழி போட வரல தர்மா," என்றார் அக்கா, நடுவில் நின்ற காரைக் காட்டி. "இந்தக் காடி ஏன் சாயுதுன்னு தெரிஞ்சாகணும். நாலு மணிக்குள்ள."

இந்த வழக்கில் எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை ஆறரை மணி. தேயிலைத் தோட்டத்தின் மேல் லைனிலிருந்து ஆபீசுக்கு இறங்குவது ஒற்றைச் சாலை. மழை, போதாததற்கு ரோட்டை மறைக்கும் முகில். ஆபீஸ் வாசலில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப்போன திலகா, தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்த ஒரு கார் அவளை இடித்துவிட்டு நிற்காமல் கீழே போய்விட்டது. ஏழு மணிக்குக் கொழுந்து லோரி மேலே ஏறியபோதுதான் அவளைக் கண்டார்கள். அரை மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டு கால்களிலும் கட்டு. மயக்கம் தெளிந்தும் அவளுக்கு எதுவும் நினைவில்லை.

காரைப் பார்த்த ஒரே ஆள் ஜாகா, அதாவது காவல்காரர், ராமையா. இரவுக் காவல் முடிந்து, ஆறரைக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு வெளியே வந்தவர். வெள்ளைக் கார், தரையை ஒட்டிய கார், ஒரு பக்கம் சாய்ந்த கார் என்று சொல்லியிருந்தார். யாரும் அடிபட்டது அவருக்கு அப்போது தெரியாது.

அப்படி ஒரு கார் தோட்டத்தில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். எங்களைத் தேடி வந்த மணியம்மாவின் மகன் ரூபனுடைய வெள்ளை சாகா கார். போன ஞாயிற்றுக்கிழமைதான் காரைத் தாழ்த்துகிற குட்டை ஸ்பிரிங்கை தர்மாவிடம் போட்டுக்கொண்டான். போட்ட நாளிலிருந்து இடது பக்கம் அமுங்கி நிற்கிறது. லைனில் அதற்கு 'நொண்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போலீஸ் வந்து படம் எடுத்துப் போயிருந்தது. இடித்த தடம் இல்லையே என்றதற்கு, பிளாஸ்டிக் பம்பர் அமுங்கி நிமிர்ந்துவிடும் என்றார்கள்.

"நான் எறங்குனதே ஆறே முக்காலுக்கு. ரோட்டுல யாருமே இல்ல," என்று ரூபன் தொண்டை கிழியச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. இன்று வெள்ளி. நாலு மணிக்கு போலீஸ் அவனைக் கூட்டிப் போக வருகிறது. அவன் போனதும் மணியம்மா லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத் துரை உத்தரவு. திலகாவோடு ஒரே நிரையில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவள் மணியம்மா. மகனும் வீடும் ஒரே மாலையில் போகப் போகிறது என்று எங்கள் படியேறி வந்து அழாமல் சொன்னாள். அந்த நொண்டிக் காரை நாங்கள் தோட்டத்திலிருந்து வெளியே ஓட்டி வந்தபோது கண்ணாடியில் மூன்று பிடி சேறு விழுந்தது. ஒரு பிடி எறிந்தது ஒரு பாட்டி. நல்ல குறி.

"புது ஸ்பிரிங் லா," என்றான் தர்மா. இரண்டாவது ஸ்பேனரை இன்னும் கீழே வைக்கவில்லை. "ஒரு வாரம் ஓட்டுனா செட் ஆகும்."

"ரெண்டு பக்கமும்தானே செட் ஆகும்?" என்றார் அக்கா. "எடது மட்டும் எதுக்கு அவசரப்படுது?"

அக்கா டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். வலது பக்கம் மூன்று விரல் நுழைந்தது. இடது பக்கம் ஒன்றுதான்.

"தரை சரிவு," என்றான் தர்மா. "இந்த மலையில எங்க இருக்கு சமதரை? இந்தத் திரிங்காப்புல நூறு ஒர்க்‌ஷாப் பாருங்க, எல்லாமே சரிவுதான்."

"மகேன், காடிய அதே எடத்துல திருப்பி நிறுத்து."

திருப்பி நிறுத்தினேன். அக்கா மறுபடி விரலை விட்டார். இடது ஒன்று, வலது மூன்று.

"தரைதான் கோளாறுன்னா, திருப்புனதும் சாய்வு மறுபக்கம் போயிருக்கணும். பள்ளம் அங்கேயேதான் இருக்கு. நொண்டி காடியோடயே திரும்பிடுச்சு."

தர்மாவின் முகம் கறுத்தது. கெட்டவன் இல்லை அவன். 'தர்மா போட்ட ஸ்பிரிங்காலதான் திலகா கால் போச்சு' என்று மூன்று நாளாக டவுன் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டுக் காய்ந்து போயிருந்தான். தொழிலைக் குறை சொன்னால் எவனுக்கும் பொத்துக்கொண்டு வரத்தான் செய்யும்.

"அப்படின்னா சக்கரத்தத் தாங்குற ஆர்ம்ல, ரப்பர் புஷ்ஷா இருக்கும்," என்று முனகினான். "ஜேக்ல சக்கரம் தொங்கும்போதே போல்ட்ட முறுக்கிட்டேன். ரப்பர் முறுக்கிக்கிட்டு ஒரு பக்கம் இழுக்கும்."

"அவுத்து, காடிய எறக்கி, பாரம் சக்கரத்து மேல நிக்கும்போது முறுக்கு."

போல்ட்டுகளைத் தளர்த்தினான். காரை இறக்கினோம். பானெட்டின் மேல் நானும் டிக்கியின் மேல் அவனும் கையை ஊன்றிப் பத்துத் தடவை அமுக்கிக் குலுக்கினோம். பிறகு அடியில் படுத்து முறுக்கினான். அரை மணி நேரம் போனது. இடது ஒன்று, வலது மூன்று.

தர்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது யாருக்கென்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவன் எங்களுக்காக வேலை செய்யவில்லை, ரோஷத்துக்காகச் செய்தான். இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். சிவப்புக் கம்பியின் மேல் சின்னதாக அம்பது என்று அச்சடித்திருந்தது. வலது பக்கம் ஓடினான். அங்கே இருபது.

"இருபதுன்னா இருபது மில்லி எறங்கும். அம்பதுன்னா அம்பது," என்றான் எழுந்திருக்காமலே. "இவன் வாங்குனது இருபது."

"அம்பது யாரோடது?"

தர்மா துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு காடிக்கு ஸ்பிரிங் போட்டியா?"

"ரெண்டும் சாகா. ரெண்டும் வெள்ள. பக்கத்துல பக்கத்துல நிறுத்தியிருந்தேன்." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "வெளிப் பக்கம் சாரல் அடிச்சுச்சு. அதனால நடுவுல நின்னு உள்பக்கம் ரெண்டையும் மொதல்ல முடிச்சேன். ஒரு பெட்டியத்தான் தொறந்து வச்சிருந்தேன். எட்டு ஸ்பிரிங்கும் ஒரே சிவப்பு லா."

ஒரு பெட்டியில் நாலு ஸ்பிரிங். அம்பது பெட்டியில் பாதி ரூபன் காரின் இடது பக்கத்துக்குப் போயிருந்தது. மீதி, பக்கத்தில் நின்ற காரின் வலது பக்கத்துக்கு.

"அப்போ இந்த மலையில இன்னொரு நொண்டி இருக்கு," என்றேன். "கண்ணாடியில பாத்த மாதிரி, மாத்தி சாயுற நொண்டி."

"யாரு காடி தர்மா?" என்று கேட்டார் அக்கா.

"சொல்ல மாட்டேன். அந்த ஆளு ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்கு எஸ்டேட் லோரி ரிப்பேர் வேலையே வருது. கெளம்புங்க."

இந்தத் தடவை ஸ்பேனரை எறியவில்லை. சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ராமையா வீட்டில் வரவேற்பு இன்னும் பிரமாதம். வாசலில் கால் வைப்பதற்குள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"ஒரு பொம்பள கால ஒடச்சவனுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா? வெக்கமா இல்ல?"

"ஒரே கேள்விதான்யா," என்றார் அக்கா. "அந்தக் காடி எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு?"

"பள்ளப் பக்கம்! இன்னும் எத்தன தடவ சொல்றது?"

அக்கா அப்படியே நின்றார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இடது, வலது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. மலைச் சரிவில் நிற்கிறவனுக்கு மேட்டுப் பக்கம், பள்ளப் பக்கம், இரண்டே பக்கம்தான். மேட்டுப் பக்கத்துக் காதில் கம்மலைக் காணோம் என்பார்கள். திரும்பி நின்றால் அது பள்ளப் பக்கத்துக் காதாகிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

"மேல போச்சா, கீழ எறங்குச்சா?"

"கீழதான். பின் லைட்டு செவப்பா தெரிஞ்சுச்சே."

அந்தச் சாலையில் கீழே இறங்கினால் மேடு இடது கைப் பக்கம், பள்ளம் வலது கைப் பக்கம். ரூபன் கார் இறங்கினால் அது மேட்டுப் பக்கம்தான் சாயும். பள்ளப் பக்கம் சாய வேண்டுமானால் ரிவர்ஸில் போக வேண்டும்.

அக்கா போனில் இருந்த போலீஸ் ரிப்போர்ட் படத்தைக் காட்டினார். மலாயில் எழுதியிருந்தது. சாய்ந்த பக்கம், கிரி. கிரி என்றால் மலாயில் இடது.

"எனக்குப் பேச வரும், படிக்க வராது," என்றார் ராமையா. மண்வெட்டி மெல்லத் தரைக்கு இறங்கியது. "நம்ம ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி அகிலன்தான் போலீசுக்கிட்ட, நீங்க உக்காருங்க, நான் கேட்டு எழுதித் தாரேன்னாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

"பள்ளம்னு சொன்னீங்க, கிரின்னு எழுதிட்டாரு," என்றேன். "நீலகிரிக்காரன் கேட்டா என்னா நினைப்பான்? பள்ளத்தப் போயி மலையாக்கிட்டாரே."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தர்மாவுக்கு போன் போட்டார்.

"அந்த இன்னொரு காடி கிராணி அகிலனோடதா?"

டக்கென்று போனை வைத்துவிட்டான்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பான்," என்றார் அக்கா. "ஐயா, நீங்களும் வாங்க."

நாலுக்குக் கால் மணி இருந்தது. தோட்டத்தில் சமதரை என்று இருப்பது கோயிலுக்குக் கீழே போட்ட பேட்மிண்டன் கோர்ட் ஒன்றுதான். கூட்டம் அங்கேதான் நின்றது. நடுவில் கிராணி அகிலன், முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு புதுப் பூட்டு வைத்திருந்தார். மணியம்மாவின் வீட்டுக்கு. நாலு மணி அடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை அந்த மனுஷனுக்கு. எனக்கு அவரை அந்த நிமிடமே பிடிக்காமல் போய்விட்டது.

கோர்ட்டுக்கு எதிரே தன் வாசல்படியில் மணியம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரூபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கிராணி சார், உங்க சாகாவக் கொஞ்சம் கோர்ட்ல கொண்டாந்து நிறுத்துங்களேன்," என்றார் அக்கா.

நழுவுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்துக்கொண்டே போனார். ஆபீஸ் பின்னால் கொட்டகையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த காரை எடுத்து வந்து நடுக்கோர்ட்டில் நிறுத்தினார்.

கார் நேராக நின்றது.

நான் விரலை விட்டேன். வலது மூன்று. ஓடிப் போய் இடது பக்கம் விட்டேன். மூன்று.

"திருப்தியா?" என்றார் அகிலன். "நேர்மையா இருக்கிறவன் காடிய சந்தேகப்படுறாங்க, நொண்டிய வச்சிருக்கிறவனுக்குத் தடவிக் குடுக்கிறாங்க."

கூட்டம் கூவியது. யாரோ என் முதுகில் ஒரு குத்து வைத்தார்கள். மணியம்மா எங்களைப் பார்த்து, "உங்களப் போயி நம்புனேனே," என்றாள். அதுதான் குத்தைவிட வலித்தது.

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். வலது முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். பின்சக்கரத்துக்குப் போனார். பிறகு காரைச் சுற்றிவந்து இடது பக்கமும் பார்த்தார். நிதானமாக எழுந்தார்.

"வலது பக்க ஸ்பிரிங் ரெண்டுலயும் நடுவுல ஒரு கட்ட ரப்பர் திணிச்சிருக்கே, அது என்னா தம்பி?"

"அக்சசரி கடையில விக்கிற சாமான். காடி குலுங்காம இருக்க."

"எடது பக்கம் குலுங்கினா பரவாயில்லையா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் என் பங்குக்கு, "நாலு கால்ல ரெண்டு காலுக்கு மட்டும் செருப்பு போட்டிருக்கு," என்றேன். இப்போது நாலைந்து பேர் சிரித்தார்கள். மடிப்புச் சட்டைக்காரர்களுக்கு எதையும் தாங்க முடியும், சிரிப்பை மட்டும் தாங்க முடியாது.

"அந்தப் பக்கந்தான்யா எறங்கி நின்னுச்சு! அதுக்குத்தான் வச்சேன்!" என்று கத்தினார் அகிலன்.

சிரிப்பு நின்றது. ராமையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எப்ப வச்சீங்க?" என்றார் அக்கா.

"ஞாயித்துக்கெழமையே."

"புதன் வரைக்கும் இங்க விடாம மழ. உங்க ஸ்பிரிங் மேல செம்மண் அடிச்சுக் காஞ்சுபோயி ஒட்டியிருக்கு. அதே ஸ்பிரிங் நடுவுல இருக்கிற ரப்பர் மேல ஒரு பொட்டு மண் கெடையாது. மழ விட்டப்புறந்தான் வச்சிருக்கீங்க. புதன்கெழம காலையில உங்க காடி வலது பக்கம், பள்ளப் பக்கம் சாய்ஞ்சுதான் எறங்கியிருக்கு. அது தெரிஞ்சுதான் கிரின்னு எழுதியிருக்கீங்க."

"பெரட்டுக்கு லேட்டாயிடுச்சு..." என்று ஆரம்பித்தார் அகிலன். "முகில்ல ஒண்ணுமே தெரியல. நாயி கீயின்னு..."

"பெரட்டுல திலகா பேர நீதானேடா கூப்பிட்ட?" என்றார் ராமையா. கிராணியை அவர் அப்படி அழைத்து அந்தத் தோட்டம் கேட்டதில்லை. "கூப்பிட்டுட்டு, வரலன்னு எழுதுனியே!"

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. போலீஸ் ஜீப் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆஸ்பத்திரியில் இன்னொரு கட்டில் தேவைப்பட்டிருக்கும். அகிலன் ஜீப்பில் ஏறும்போது மடிப்புச் சட்டையில் ஒரு கைதான் மிச்சம். தொலைந்தான் என்று வாய்விட்டே சொன்னேன்.

கூட்டம் மெல்ல மணியம்மாவின் வாசலுக்கு நகர்ந்தது. ஒருத்தி, "மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்று இழுத்தாள்.

"நேத்து இந்தக் கதவுல சாணி அடிச்சது யாருடி?" என்றாள் மணியம்மா. "வச்சுக்குவேன். நல்லாவே வச்சுக்குவேன். போங்க எல்லாரும்."

போனார்கள். ரூபன் மட்டும் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு எங்களிடம் வந்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்லக்கா. ஆறே முக்காலுக்குத்தான் எறங்குனேன்னு. ஒருத்தனும் நம்பல."

"இப்ப நான் நம்புறேன்," என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஆறரைக்கு அவன் இடிச்சான். ஏழு மணிக்கு லோரிக்காரங்க பாத்தாங்க. அதுவரைக்கும் திலகா ரோட்டுலதான் கெடந்தா. இருக்கிறது ஒரு ரோடு. ஆறே முக்காலுக்கு நீ எப்படிடா போன?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனை இடித்தவன் என்று நினைத்தவரை யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. நாங்கள்தான் அவனைக் காப்பாற்றி அந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

ரூபன் காலால் தரையைத் தேய்த்தான்.

"பாத்தேன்க்கா," என்றான் கடைசியில். "மேட்டுப் பக்கம் கெடந்தாங்க. கைய தூக்குனாங்க. நிறுத்துனா நீதான் இடிச்சன்னு சொல்லுவாங்க. நொண்டிக் காடி இழுத்துக்கிட்டுப் போயி இடிச்சிருக்கும்னுதான் ஊரே சொல்லும். பயமா இருந்துச்சு. பள்ளப் பக்கமா ஒதுங்கிப் போயிட்டேன்."

"திலகாவா கைய தூக்குனா?"

மணியம்மா பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள். ரூபன் எதற்கென்று புரியாமல் பார்த்தான். பிறகு அக்கா வைத்திருந்த கார் சாவியை வாங்கி அம்மாவின் கையில் வைத்தான்.

"நடந்து போ," என்றாள் மணியம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போயி, அவ மொகத்தப் பாத்து, இப்ப சொன்னத சொல்லு. சொல்லிட்டு வா. சொல்லாம வந்தா இந்த வீட்ட நானே பூட்டிக்கிறேன்."

"அம்மா, பன்னெண்டு கிலோமீட்டர்மா."

"அவளால ஒரு அடி வைக்க முடியுமாடா?"

அவன் போனான். மணியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து வந்த அழுகையை நாங்கள் நின்று கேட்கவில்லை. அது எங்களுக்கானதல்ல.

காலையில் தோட்டத்தில் விட்டுப் போயிருந்த எங்கள் வேனை எடுத்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வளைவில் ரூபன் தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோவது தெரிந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றான். எங்கள் வேன் என்று தெரிந்ததும் கையைப் பாதி தூக்கினான்.

"நிறுத்தவாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நிறுத்தவில்லை.